பத்தொன்பதாம் தளத்தில் மஞ்சள்

வாசலில் ஒரு வெண்கலப் பட்டயம்:
நவீனத்துவக் கட்டடக்கலை, நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னம்.
வாரம் இருமுறை அதைத் துடைப்பவர் என்வர்,
எலுமிச்சை மணக்கும் ஏதோவொரு திரவத்தால்.
என் வேலை கடிதம் எழுதுவது.

இருபத்தாறு தளம். எஃகு, கண்ணாடி,
வேறொன்றுமில்லை என்பதே இதன் பெருமை.
விடிந்ததும் மிச்சிகன் ஏரி
இதில்தான் முகம் பார்த்துக்கொள்ளும்.
திரைச்சீலைகள் எல்லாம் ஒரே சாம்பல்.
முழுக்க ஏற்றலாம், பாதி இறக்கலாம், முழுக்க இறக்கலாம்.
முக்கால் என்பது மீறல்.
முக்காலுக்கு மட்டும் இந்த வருஷம்
பதினொரு கடிதம்.
"அன்புள்ள" என்று தொடங்கி
அபராதத் தொகையில் முடிபவை.

அக்டோபரில் 19-சி ஜன்னலில்
ஒரு மஞ்சள் மேசைவிரிப்பு.
ஏரியில் படகு விட்டுக் கட்டடங்கள் காட்டுகிறவர்
தொலைபேசியில் சிரித்தார்:
"வரிசைப் பல்லில் ஒரு தங்கப்பல்,
இளிக்கிறது உங்கள் கட்டடம்."

எழுதினேன். பதில் வந்தது
என் கடிதத்தின் முதுகிலேயே, நீல மையில்.

"கஸிஸ் சாயங்காலம் கரையில் நடப்பார்.
தளத்தின் எண் போன வருஷம் போயிற்று.
ஈஸ்டருக்குப் பிறகு என் பெயரும்.
நின்று நிமிர்ந்து பார்க்கிறார்.
எல்லா ஜன்னலுக்கும் ஒரே முகம்.
மஞ்சள் மட்டும் இன்னும் பிடிபடுகிறது.
கண்டால் திரும்பி வருகிறார்.
அவ்வளவுதான்.
டாலியா ரிம்குஸ்."

குழு கூடியது.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
டாக்டர் விட்லாக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
பிறகு அவரே கேட்டார்,
இன்று மஞ்சள் என்றால் நாளை பச்சைக்கு
என்ன சொல்வோம்?
நகரத்திடம் விலக்குக் கேட்கலாம், படிவம் இருக்கிறது:
அகலம், உயரம், துணியின் நெசவு,
எத்தனை காலத்துக்கு.
கடைசிக் கட்டத்தை
அவளிடம் கேட்டு நிரப்பச் சொன்னார்கள்.
நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளே கழற்றிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்வர்
மஞ்சள் மழைக்கோட்டில் நின்றார் வாசலில்.
வானத்தில் ஒரு மேகம் இல்லை.
ஸரயேவோவிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார்.
புதன்கிழமையும் அதே கோட்டு, கழுத்துவரை பொத்தான்,
நெற்றியில் வேர்வை.
சீருடை விதிகளை எடுத்துப் படித்தேன்.
அவற்றை எழுதியதும் நான்தான்.
மழைக்கோட்டுக்கு மழை வேண்டும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
புத்தகத்தை மூடி
இழுப்பறைக்குள் வைத்தேன்.

வியாழன் மாலை கோப்புக்காக ஒரு படம் எடுக்க
கரைக்குப் போனேன்.
காற்று காதைக் கடித்தது.
சாம்பல், சாம்பல், சாம்பல்,
அடியில் வாசலருகே
நகம் அளவுக்கு ஒரு மஞ்சள்.
அதை வெட்டாமல்தான் எடுத்தேன்.

பக்கத்து பெஞ்சில் ஒரு கிழவர்,
கால்சராய்க்கு மேல் பைஜாமா,
நல்ல சப்பாத்து, பாலிஷ் போட்டது.
"உன்னுடையது எது?" என்று கேட்டார்
கட்டடத்தைக் காட்டி.

இங்கே எனக்கு ஒன்றும் இல்லை.
இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும்,
பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை,
ஜன்னலில் கால்பந்துக் கொடி, கற்றாழை,
ஓடாத மின்விசிறி.
தெருமுனையிலிருந்தே தெரியும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"தெரியவில்லை" என்றேன்.

அவர் நகர்ந்து உட்கார்ந்து
எனக்கு இடம் விட்டார்.
"பயப்படாதே" என்றார்.
"இருட்டுவதற்குள் யாராவது
ஏதாவது தொங்கவிடுவார்கள்."